நோன்புக் கஞ்சியும் தூக்கி எறியும் குவளையும்

ரமளானில் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் கஞ்சிக் கொட்டகையின் முன்னே பிள்ளைகள் தூக்குச் சட்டிகளுடன் வரிசையாக நின்ற காட்சியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றோ சுடச்சுடக் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். உள்ளே நோன்பு திறப்போருக்கும் ஒருமுறை குடித்து எறியும் குவளைகளே வைக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டுள்ளன. கைப்பை, தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை ஆகியவையும் அவற்றுள் அடங்கும். தடை வந்த பின்னும் இவை நம்மை விட்டு ஏன் அகலவில்லை? மார்க்கத்தின் ஒளியில் சற்றுச் சிந்திப்போம்.

மார்க்கம் கூறுவதென்ன?

உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், அதே வசனத்தில் (7:31) வீண் விரயத்தைத் தடுத்திருக்கிறான். ஆகுமான காரியத்திலும் தேவைக்கு மேல் செலவிடுவது இஸ்ராஃப் என்றும், தகாத வழியில் செலவிடுவது தப்தீர் என்றும் ஆலிம்கள் விளக்குவர். “ஒரு குவளையின் விலை அற்பம்தானே, இதிலென்ன விரயம்?” என்று சிலர் கேட்கலாம். ஸஃது (ரலி) அவர்கள் உளூச் செய்கையில் தண்ணீரை மிகுதியாகச் செலவிடக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் அது விரயமே என உணர்த்தியதாக இப்னுமாஜாவில் வருகிறது. ஆற்று நீருக்கு விலை ஏது? ஆகவே விரயத்தை விலையைக் கொண்டு அளப்பதற்கில்லை.

பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதும் நாம் அறிந்த ஹதீஸே. அகற்றுவது ஈமானின் கிளை என்றால், கொண்டுபோய்ப் போடுவதை என்னவென்று சொல்வது?

உண்மையான சிரமங்கள்

சிரமம் இல்லாமலில்லை. நாள்தோறும் 200 பேர் நோன்பு திறக்கும் பள்ளியை எடுத்துக்கொள்வோம். கஞ்சிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்றால் தினம் 400 குவளைகள். 30 நாளில் 12,000. பாங்குக்கும் மஃரிபு ஜமாஅத்துக்கும் இடையே உள்ள நேரமோ சொற்பம். இத்தனையையும் மோதினார் ஒருவரே கழுவ முடியுமா? கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வேறு. வேலையிலிருந்து நேரே வருபவரிடம் பாத்திரமும் இராது. காகிதக் குவளைக்கு மாறினாலும் விடிவில்லை. கஞ்சி ஊறாதிருக்க அதன் உட்புறத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். குவளையை எறிவதால் வேலை ஒழிவதில்லை. கை மாறுகிறது, அவ்வளவே. நாம் கழுவாமல் விட்டதை மறுநாள் காலையில் துப்புரவுத் தொழிலாளி சாக்கடையிலிருந்து அள்ளுகிறார். எஞ்சியதை மாடு தின்கிறது, மழைநீர் கடலுக்குக் கொண்டு செல்கிறது. நோன்பாளிக்கு உணவளித்த நன்மையை நாம் எடுத்துக்கொண்டு, அதன் சுமையைப் பிறர் தலையில் ஏற்றுவது நீதியாகுமா?

செய்ய வேண்டியவை

1. அக்காலத்தில் பள்ளிக்குத் தேக்சாக்களை வக்ஃபு செய்தார்கள். இன்று எவர்சில்வர் குவளைகளை வக்ஃபு செய்யலாம். பயன்படும் காலமெல்லாம் நன்மை சேரும்.

2. குடித்தவர் தம் குவளையைத் தாமே கழுவி வைக்கட்டும். எஞ்சிய வேலையைத் தெருவுக்கு ஒருநாள் எனப் பங்கிட்டுக்கொள்ளலாம். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பாத்திரம் கழுவுவதில் நமக்கென்ன இழிவு?

3. பாத்திரத்தில்தான் கஞ்சி தரப்படும் என்பதை ரமளானுக்கு முந்தைய ஜும்ஆக்களிலேயே அறிவித்துவிட வேண்டும்.

4. பாத்திரமின்றி வரும் ஏழையையோ வழிப்போக்கரையோ ஒருபோதும் திருப்பி அனுப்பக்கூடாது. அவர்களுக்கென்று சில தூக்குகளைப் பள்ளியில் வைத்திருக்க வேண்டும்.

5. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் வழக்கப்படி விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்டால், தட்டுகளின் எண்ணிக்கையும் குறையும், அன்பும் வளரும்.

தாய்மார்களே! பிள்ளையின் கையில் தூக்கைக் கொடுத்தனுப்ப வெட்கப்படாதீர்கள். பள்ளிவாசலைத் தூய்மையாக வைக்கும் நாம், அதன் பின்புறச் சாக்கடைக்கும் பொறுப்பாளிகளே. நம் நோன்பையும் உணவளித்தலையும் பிறருக்குத் தீங்கில்லாத நல்லமல்களாக அல்லாஹ் ஏற்றருள்வானாக! ஆமீன்.