வீட்டுப் பட்டறையில் சிஎன்சி ரூட்டர்: கட்ட நினைப்பவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

சேலம், நாமக்கல் பக்கம் வீட்டோடு சிறு மரப்பட்டறை வைத்திருப்பவர், சிஎன்சி ரூட்டர் வேண்டுமென்றால் கம்பெனி இயந்திரத்தைக் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளைப் பூட்டி அனுப்புகிறார்கள். இரும்பை அளந்து வெட்டி, கோணம் பிடித்து வெல்டிங் வைக்கத் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. மோட்டாரும் கண்ட்ரோல் போர்டும் பார்சலில் வந்துவிடும். அசையாத ஓர் இரும்புச் சட்டம் அப்படி வராது. அது நம் ஊரில்தான் கிடைக்கும், இயந்திரத்தின் தரமும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்புகளில் சட்டத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பூஜை அறைக் கதவுக்குப் பூ வேலை, பெயர்ப்பலகை, கட்டில் தலைப்பலகை, அலமாரிக் கதவு ஆகியவற்றுக்கு 600 × 800 மி.மீ. வேலைப்பரப்பு தாராளம். எட்டுக்கு நாலு பிளைவுட்டை முழுதாகப் போட வேண்டும் என்ற ஆசையை முதல் இயந்திரத்தில் விட்டுவிடுங்கள். வெட்டும் தலையைத் தாங்கி ஓடும் குறுக்குச் சட்டத்தின் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு அது வளைவது எட்டு மடங்காகும். நீளமான பலகையை ஒரு பகுதி வெட்டிவிட்டுத் தள்ளிப்போட்டு மறுபகுதி வெட்டலாம். வளைகிற சட்டத்துக்கு அப்படி மாற்று வழி எதுவும் இல்லை.

2. பணத்தைச் சட்டத்திலும் ரெயிலிலும் போடுங்கள். எலெக்ட்ரானிக்ஸைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சுவர் 4 மி.மீ. உள்ள 100 × 50 செவ்வகக் குழாயைச் சுமை விழும் திசையில் உயரமாக நிற்கும்படி வையுங்கள். இரு முனையில் மட்டும் தாங்கி, நடுவில் தொங்கும் உருண்டைக் கம்பிகளில் ஓடும் விலை குறைந்த கிட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கம்பிதான் கையில் இருக்கிறது என்றால் தடிமனையாவது கூட்டுங்கள்: 12 மி.மீ. கம்பியைவிட 16 மி.மீ. கம்பி மூன்று மடங்கு விறைப்பானது.

3. வெல்டிங் வைக்கும்போது இரும்பு இழுக்கும். எல்லா மூலைகளிலும் முதலில் டாக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, மூலைக்கு மூலை அளவெடுத்து, இரண்டு குறுக்களவும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு மூலையில் ஒரு விரல் நீளம், அடுத்து எதிர் மூலையில் ஒரு விரல் நீளம் என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். லாரி பாடி கட்டிப் பழகிய வெல்டருக்கு இது கைவந்த வேலை. ஆனால் இந்த வேலைக்கு அரை மி.மீ.கூடக் கணக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரப்படுத்தவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றி ஆற வைக்கவும் வேண்டாம்.

4. எவ்வளவு பார்த்து வைத்தாலும், வெல்டிங் முடிந்த சட்டம் ரெயில் உட்காரும் அளவுக்குச் சமமாக இருக்காது. இதற்கு இரண்டு வழி உண்டு. பெரிய பிளேனரோ மில்லிங் இயந்திரமோ உள்ள பட்டறையில் ரெயில் உட்காரும் இரு பரப்புகளையும் ஒரே பிடிப்பில் சீவி வாங்குவது முதல் வழி. வீட்டிலேயே முடிக்க நினைத்தால் எபாக்சி. ரெயில் வரும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி வரப்பு கட்டி, இரண்டையும் குறுக்கே ஒரு வாய்க்காலால் இணைத்துவிடுங்கள். மெதுவாக இறுகும், நீர்த்த எபாக்சியை ஊற்றினால் அது தானாகவே ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். வாய்க்கால் இல்லாமல் தனித்தனியாக ஊற்றினால் இரண்டு பக்கமும் இரண்டு மட்டமாகிவிடும். முழுதாக இறுகும்வரை சட்டத்தை யாரும் தொடக் கூடாது. ரசமட்டத்தை எபாக்சி ஊற்றும் முன்பே வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

5. ரெயில்களில் ஒன்றை மட்டும் முதலில் நேராக்கி முறுக்குங்கள். இரண்டாவதை அதற்கு இணையாக ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, குறுக்குச் சட்டத்தை ஏற்றி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கையால் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டாக இறுக்குங்கள். எங்காவது பிடித்தால் அங்கே நின்று பாருங்கள். ஒற்றை விரலில் தள்ளினால் முழு நீளமும் ஓட வேண்டும்.

6. மூலைமட்டத்துக்கு நம் கொத்தனாரும் ஆசாரியும் பார்க்கும் 3-4-5 கணக்கையே இங்கும் பாருங்கள். இயந்திரத்தை ஓட்டி, மூலையில் ஒரு புள்ளி, அகலத்தில் 600 மி.மீ. தள்ளி ஒன்று, நீளத்தில் 800 மி.மீ. தள்ளி ஒன்று எனக் குத்தச் சொல்லுங்கள். பின்னிரண்டு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 1000 மி.மீ. இருக்க வேண்டும். அதில் 1 மி.மீ. வித்தியாசம் வந்தால் குறுக்குச் சட்டம் 800 மி.மீ. ஓட்டத்தில் ஒன்றரை மி.மீ.க்கு மேல் சாய்ந்து போகிறது என்று பொருள். கதவுச் சட்டம் சேராமல் போவது இதனால்தான். இரு பக்கமும் தனி மோட்டார் உள்ள இயந்திரமாக இருந்தால், கரண்ட் கொடுக்கும் முன் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் உள்ள இரண்டு முட்டுகளிலும் இடிக்கும்வரை மெல்லத் தள்ளிவைக்கும் பழக்கம் வையுங்கள்.

7. துல்லியத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். மரவேலைக்கு 0.1 மி.மீ. போதும். ஆடி மாதக் காற்றுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் நடுவே மரமே அதைவிட அதிகம் அசையும்.

8. இயந்திரத்தை இயக்கும் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள் 2009இல் வெளிவந்தது. சாதாரண ஆர்டுயினோ ஊனோ போர்டிலேயே ஓடும். இதில் முதலில் சரிசெய்ய வேண்டியவை $100, $101, $102 என்ற மூன்று எண்கள். ஒரு மி.மீ. நகர எத்தனை துடிப்பு என்பதை அவை சொல்கின்றன. வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டாரை ஓட்டும் டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600. பால் ஸ்க்ரூ 1605 என்றால் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும், ஆகவே 320. ஸ்க்ரூ 1204 என்றால் சுற்றுக்கு 4 மி.மீ., ஆகவே 400. பிறகு 500 மி.மீ. ஓட்டி அளந்து பாருங்கள். 498தான் வந்தது என்றால் 320ஐ 500ஆல் பெருக்கி 498ஆல் வகுத்துப் புது எண்ணைப் போடலாம். ஆனால் பால் ஸ்க்ரூவில் இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது. வந்தால் எண்ணை மாற்றும் முன் கப்ளிங் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

9. ஊனோ போர்டு நொடிக்குச் சுமார் 30,000 துடிப்பு வரைதான் தரும். 320 துடிப்பு என்ற கணக்கில் நிமிடத்துக்கு 5000 மி.மீ. ஓட்டினாலே நொடிக்கு 26,667 ஆகிவிடும். டிரைவரில் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால் வேகம் பாதியாகும், வெட்டு ஒன்றும் அழகாகிவிடாது. எட்டில் நிறுத்துங்கள்.

10. மூன்று அச்சுக்கும் நீமா 23 மோட்டாரும் 36 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இந்த அளவு இயந்திரத்துக்குப் பொருந்தும். கரண்ட் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவே கூடாது, டிரைவர் அந்த நொடியே எரியும்.

11. கையால் பிடித்து விளிம்பு இழைக்கும் டிரிம்மர் உங்களிடம் இருந்தால் தொடக்கத்துக்கு அதையே ஸ்பிண்டிலாகப் பூட்டலாம். சத்தம் அதிகம், நெருக்கமான தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் ஓட்டுவது பக்கத்து வீட்டாருக்குச் செய்யும் அநியாயம். நாள் முழுக்க வேலை என்றால் 1.5 கிலோவாட் நீர்குளிர் ஸ்பிண்டிலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.யும் வாங்குங்கள். 400 ஹெர்ட்ஸில் 24,000 ஆர்பிஎம் ஓடும், குரலும் அடங்கியிருக்கும். வி.எஃப்.டி.யில் 400 ஹெர்ட்ஸ் என்று பதிந்திருக்கிறதா என்று ஓட்டும் முன் பாருங்கள். குளிர்விக்க போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து வழியை அடைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை மூடியுள்ள பெரிய கேனில் ஊற்றி, நிழலில் வையுங்கள். சித்திரையில் தண்ணீரின் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

12. சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளுக்குச் சொல்லி நிறுத்துவதாக இருக்கக் கூடாது. அது ஸ்பிண்டிலுக்கும் மோட்டார்களுக்கும் போகும் கரண்டையே துண்டிக்க வேண்டும். சட்டத்துக்கும் வி.எஃப்.டி.க்கும் சரியான எர்த் கொடுங்கள். எலக்ட்ரீஷியன் செலவை இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வீட்டு மின் இணைப்பில் கூலிக்கு வேலை எடுத்துச் செய்யக் கூடாது, தொழிலுக்கு உரிய இணைப்பு வாங்குங்கள்.

13. கரண்ட் போனால் பாதி செதுக்கிய பலகை வீணாக வேண்டியதில்லை. லிமிட் சுவிட்சுகள் பூட்டி, ஹோமிங் (இயந்திரம் அந்தச் சுவிட்சுகளைத் தொட்டுத் தன் இடத்தை அறிவது) அமைத்து, வேலையின் தொடக்கப் புள்ளியை ஜி54இல் பதியுங்கள். கரண்ட் வந்ததும் ஹோம் செய்தால் அந்தப் புள்ளி அப்படியே திரும்பும். ஜி92 என்ற கட்டளையில் பதிந்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். இதைத் தெரியாமல் பலகையைப் பாழாக்குபவர்கள் அதிகம். இடி மின்னலோடு கோடை மழை வரும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

14. ஸ்பிண்டில் ஒயர் ஒரு வழியிலும் லிமிட் சுவிட்ச், யுஎஸ்பி ஒயர்கள் வேறு வழியிலும் போகட்டும். காரணமில்லாமல் இயந்திரம் நடுவில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஒயர்கள் ஒன்றாகப் போவதைத்தான்.

15. மேசைமேல் ஓர் எம்.டி.எஃப். பலகையைப் பூட்டி, இயந்திரத்தாலேயே அதன் மேல்தோலை அரை மி.மீ. சீவுங்கள். அதன்பின் அந்தப் பரப்பு, ஸ்பிண்டில் ஓடும் தளத்துக்கு இணையாகிவிடும். ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, கோலெட்டில் ஒரு கம்பியை எல் போல வளைத்து மாட்டுங்கள். நுனியின் கீழ் ஒரு தாள் வைத்துக் கையால் சுற்றுங்கள். நான்கு திசையிலும் தாள் ஒரே இறுக்கத்தில் உரச வேண்டும். சீவிய பலகையில் வரிவரியாகப் படி தெரிந்தால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த பக்கம் மெல்லிய தகடு கொடுத்து நிமிர்த்துங்கள்.

16. பிட் எரிவது பெரும்பாலும் மெதுவாக ஓட்டுவதால். இரண்டு பல் உள்ள 6 மி.மீ. பிட், 18,000 ஆர்பிஎம், ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. சீவல் என்றால் நிமிடத்துக்கு 1800 மி.மீ. ஓட்ட வேண்டும். ஆழம் ஒரு தடவைக்கு 3 மி.மீ. போதும். மாவாகத் தூசி வந்தால் வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது ஆர்பிஎம்மைக் குறையுங்கள், சிறு சீவலாக விழ வேண்டும்.

17. பழைய வீட்டு உத்திரமும் லாரி பாடிப் பலகையும் நன்றாகக் காய்ந்த, அருமையான மரம். ஆனால் உள்ளே ஆணி இருக்கும். வலுவான காந்தத்தை நூலில் கட்டி இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள், இழுக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா உண்டு, பிட்டை விரைவில் மழுக்கும், கார்பைடு பிட்டே வாங்குங்கள். வாகை பச்சையாக இருந்தால் இறுதி அளவுக்கு வெட்டாதீர்கள். 2 மி.மீ. கூடுதல் விட்டு முரடாக வெட்டி, நிழலில் காற்றாட வைத்து, அது வளைய வேண்டியதெல்லாம் வளைந்தபின் மறுபடி ஏற்றுங்கள்.

18. பலகையை இரும்பு கிளாம்பால் பிடித்தால் பிட் போகும் பாதையில் அது நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு துண்டுகளுக்கு ஒரு வழி: மேசையிலும் பலகையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே ஃபெவிக்விக் விடுங்கள். நன்றாகப் பிடிக்கும், கழற்றும்போது பசை மரத்தில் ஒட்டாது.

19. சிற்ப வேலைக்கு வருகிறேன். 300 × 300 மி.மீ. பலகையில் ஒரு புடைப்புச் சிற்பத்தை 3 மி.மீ. பந்துமுனை பிட்டால், 0.3 மி.மீ. இடைவெளியில் முடிக்க நினைத்தால் 1000 ஓட்டம், மொத்தம் 300 மீட்டர். நிமிடத்துக்கு 1500 மி.மீ. என்றால் மூன்று மணி இருபது நிமிடம். அத்தனைக்கும் பிறகு முகம் மொழுமொழுவென்று, உயிரில்லாமல் இருக்கும். நான் சொல்லும் வழி வேறு. முரட்டு வெட்டை மட்டும் இயந்திரத்திடம் கொடுங்கள். முகம், விரல், ஆபரணம் உள்ள இடங்களில் ஒரு மி.மீ. சதை விட்டு நிறுத்தி, மீதியை உளியால் எடுங்கள். மூன்று அச்சு இயந்திரத்தால் அடிப்பக்கமாக உள்ளே குடைய முடியாது. உள்மூலைகளும் பிட்டின் உருண்டையில்தான் நிற்கும். உளி இல்லாமல் சிற்பம் முடியாது.

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கே கண்ணைத் திறப்பதும் மூக்கை நிமிர்த்துவதும் கைவேலை. ஆனால் சிற்பியின் நேரத்தில் நிறைய, வேண்டாத மரத்தைக் கழிப்பதிலேயே போகிறது. தோளும் மணிக்கட்டும் தேய்வது அங்கேதான். அந்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டால் வயதானவரும் இன்னும் சில ஆண்டுகள் உளி பிடிப்பார். முழுக்க இயந்திரத்தில் வெட்டியதைக் கைச்சிற்பம் என்று சொல்லி விற்பதை மட்டும் செய்யாதீர்கள். வாங்குபவரிடம் எது கை, எது இயந்திரம் என்று சொல்லியே விற்க வேண்டும்.

20. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தேக்குத் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பும் கொண்டுவரும். முகத்தில் கட்டும் துண்டு போதாது, என்95 முகமூடியும் பிட்டுக்குப் பக்கத்திலேயே உறிஞ்சும் குழாயும் வேண்டும். பட்டறை வீட்டுக்குள் இருந்தால் குழந்தைகள் படுக்கும் அறைப் பக்கம் வேண்டாம். ஓடும் ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறை, தோள் துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் ஆகாது.

21. இயந்திரத்தை ஓடவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பிட் ஓரிடத்தில் சிக்கித் தேய்ந்தால் கனல் உண்டாகும், அதை உறிஞ்சும் குழாய் தூசித் தொட்டிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். தீயணைப்பான் ஒன்றும் ஒரு வாளி மணலும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் தூசித் தொட்டியை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள்.

22. காற்று அடித்துத் தூசியை விரட்டும்போது ரெயில் பேரிங்குக்குள் அடிக்காதீர்கள். பிரஷ்ஷால் தள்ளி, துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவுங்கள். வாரம் ஒருமுறை கப்ளிங் திருகுகளை இறுக்கிப் பார்ப்பதும், மாதம் ஒருமுறை அந்த 600-800-1000 புள்ளிகளைக் குத்திப் பார்ப்பதும் போதும்.