மோட்டாரின்றி மாநகரிற் செல்லுதல்

2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27 முதல் ஆகஸ்டு 12 வரை இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தன. தலைமை அரங்கில் மட்டும் அப்போது ஏறக்குறைய 80,000 பேர் அமர இடமிருந்தது. இவர்களெல்லாம் தத்தம் மோட்டாரிற் புறப்படின், பந்தயத்தோடு தொடர்பே இல்லாத ஊரார் தம் தொழிலுக்குச் செல்வது எங்ஙனம்? ஆதலின், உடற்குறையுடையோர்க்கன்றி மற்றையோர்க்கு அரங்குகளினருகே வண்டி நிறுத்த இடந் தரப்படவில்லை. தடுத்ததோடு நில்லாது வழியுங் காட்டினர் என்பதே நாம் கருதத்தக்கது. இலண்டன் அரங்குகளின் பந்தயச் சீட்டோடு, அன்று முழுதும் நகரின் இரயிலிலும் பஸ்ஸிலும் செல்லுதற்குரிய சீட்டும் சேர்த்தே வழங்கப்பட்டது. செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தினின்று அரங்கிருந்த ஸ்ட்ராட்போர்டுக்கு 'ஜாவலின்' என்னும் விரைவு இரயில் சுமார் 7 நிமிடத்திற் சென்றது.

பாதாள இரயிலை நம்புவோர் ஒன்றறிதல் வேண்டும். ஹாரி பெக் என்பார் 1931-இல் வரைய, 1933-இல் வெளிவந்த அதன் படம் நிலையங்களின் வரிசையைத் தெளிவுறக் காட்டும். உண்மைத் தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கவென்ட் கார்டனுக்கும் இடையிலுள்ள தூரம் 300 கஜத்திற்குங் குறைவே. நடப்பவன் அதனை நாலைந்து நிமிடத்திற் கடப்பான். இரயிலிற் சென்றவனோ, கவென்ட் கார்டனில் மேலே வருதற்கு மின்தூக்கியின்முன் கூட்டத்தோடு காத்து நிற்பான். காத்திருக்க மனமில்லையேல், 193 படிகள் ஏறவேண்டும்.