கிள்ளானுக்குப் போன மிதிவண்டி

ஆறு நாள் பால் வெட்டிய கணவனும் மனைவியும் ஏழாம் நாள் மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து இரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸில் உறவினரைக் கண்டு திரும்புவது இன்று எவரும் வியக்கும் செய்தியன்று. ஆனால் அத்தகைய பயணத்திற்கு வேண்டிய உரிமைகளை நம் முன்னோர் 1941ஆம் ஆண்டில் கோரிக்கையாக எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. அக்கதையை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

போருக்கு முந்திய ஒரு தம்பதியின் வாரத்தை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டு. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டு விலகும்போதே கத்தி பட்டையில் பதிய வேண்டும். பின்னர் மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மனைவிக்கு அதன்பின்தான் தண்ணீரும் விறகும் அடுப்பும். 1939இல் ஆணின் நாட்கூலி 50 காசு, பெண்ணின் நாட்கூலி 40 காசு. அதற்கு முந்திய ஆண்டில் இது 45, 35 என்று குறைக்கப்பட்டிருந்தது. ஒரே பெரட்டில் பெயர் கொடுத்து, ஒரே மரத்தை வெட்டியவர்களுக்கு இந்தப் பத்துக் காசு வித்தியாசம் ஏன் என்று அந்நாளில் கேட்டவர்கள் மிகச் சிலரே.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் முன்னின்றவர் ஆர். எச். நாதன்; ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களைத் துன்புறுத்துவதை நிறுத்துதல் ஆகியவை கோரிக்கைகளில் இடம்பெற்றன. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று.

இன்னொன்று நம்மைச் சற்று நிறுத்தி வைக்கிறது. துரையோ உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால், தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும்; அதுவே வழக்கம். இறங்காமல் செல்ல அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். கூலி கேட்ட அதே தாளில் இதையும் எழுதினார்கள். வியர்வையில் சேர்த்த காசில் வாங்கிய வண்டி. பின்னால் மனைவி, முன்கம்பியில் பிள்ளை. அவர்கள் கண்ணெதிரே தகப்பன் இறங்கித் தலைகுனிந்து நிற்பது எப்படியிருந்திருக்கும்! இதைச் சில்லறைக் கோரிக்கை என்று ஒதுக்குவோரோடு நாம் உடன்படுவதில்லை.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். கிளர்ச்சி மேலும் பெருகியது. சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். ஆண்டு முடியுமுன் ஜப்பானியப் படை வந்துவிட்டது. போர் ஓய்ந்த பின்னரே தோட்டத் தொழிற்சங்கங்கள் ஊன்றி நின்றன. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று.

அடுத்த ஆண்டு வந்த 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வை உறுதி செய்தது. 2023 முதல் வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 45 மணி. 2025இல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆண், பெண் வேறுபாடு இல்லை.

கிள்ளானுக்குப் புறப்படும் அந்த ஓய்வு நாளில் வேலைக்கு அழைப்பு வந்தால், சம்பளச் சீட்டை அடுத்த மாதம் ஊன்றிப் பாருங்கள். நாட்சம்பளக்காரர் வழக்கமான நேரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்திருந்தால் அந்த ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் வரவேண்டும். பாதி அல்லது அதற்குக் குறைவாயின் ஒரு நாள் சம்பளம். கணவன் சீட்டை மட்டுமன்றி, மனைவியின் சீட்டையும் சேர்த்தே பாருங்கள்.