மலைப்பாதையில் ஒரு கணக்கு: மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு

கோடை விடுமுறையில் உங்கள் குடும்பத்தார் காரில் கொடைக்கானல் செல்ல முடிவு செய்திருக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். பயணத் திட்டம் வகுக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கிறார்கள். "120 கிலோமீட்டர்தானே! இதற்குத் திட்டம் எதற்கு?" என்று எண்ணுகிறீர்களா? சமவெளிக்கு அந்தக் கேள்வி பொருந்தும். மலைக்குப் பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

பாதையின் இரு பகுதிகள்

மதுரையிலிருந்து வாடிப்பட்டி, கொடை ரோடு, நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு வரை ஏறத்தாழ 60 கி.மீ. இது சமவெளி. அங்கிருந்து கொடைக்கானலுக்கு மேலும் சுமார் 60 கி.மீ. இதில் பெரும்பகுதி மலைப்பாதை.

சமவெளியில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலும், பிற்பகுதியில் 25 கி.மீ. வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். சராசரி வேகம் என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 37.5 என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது தவறு. முதல் 60 கி.மீ.க்கு 1 மணி 12 நிமிடம் ஆகும். அடுத்த 60 கி.மீ.க்கு 2 மணி 24 நிமிடம் ஆகும். மொத்தம் 3 மணி 36 நிமிடம். 120 கி.மீ.யை இந்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் சுமார் 33 கி.மீ. மட்டுமே. மெதுவாகச் செல்லும் பகுதியில் நாம் அதிக நேரம் இருக்கிறோம். அதனால் சராசரியும் அந்தப் பக்கமே சாய்கிறது.

பாதை ஏன் வளைகிறது?

வரைபடத்தில் வத்தலக்குண்டையும் கொடைக்கானலையும் அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். நேர்கோட்டுத் தூரம் சுமார் 30 கி.மீ.தான். சாலையோ ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு!

காரணம் உயரம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தை 60 கி.மீ. நீளத்தில் ஏறினால், சராசரியாக 33 மீட்டர் செல்வதற்கு 1 மீட்டர் ஏறுகிறோம். பாதையை நீட்டினால் சரிவு குறையும்; இழுக்க வேண்டிய விசையும் குறையும். சாய்தளம் பற்றி வகுப்பில் படித்த பாடம் இதுவே.

ஆல்ப்ஸ் மலையில் இத்தாலி நாட்டிலுள்ள ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1825-இல் திறக்கப்பட்ட இச்சாலை 2,757 மீட்டர் உயரம் வரை செல்கிறது. அதன் வடகிழக்குப் பக்கம் ஏறத்தாழ இதே 1,800 மீட்டரை 25 கி.மீ.க்குள் ஏறிவிடுகிறது. அங்கே சராசரியாக 14 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அந்தப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகள் உள்ளன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இறக்கம்தான் ஆபத்து

ஏறும்போது எஞ்சின் உழைக்கிறது. இறங்கும்போது உழைப்பது எது? ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் 1,800 மீட்டர் இறங்குகிறது. அது இழக்கும் நிலையாற்றல்:

1,200 × 10 × 1,800 = 2 கோடியே 16 லட்சம் ஜூல்.

இந்த ஆற்றல் 25 டிகிரி வெப்பமுள்ள சுமார் 68 லிட்டர் நீரை, அதாவது நாலைந்து குடம் நீரை, கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்! இதில் ஒரு பகுதியைக் காற்றும் சாலையின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மீதியைப் பிரேக் மட்டுமே தாங்கினால் அது கடுமையாகச் சூடேறும். சூடேறிய பிரேக் கட்டைகளின் பிடிப்பு குறையும். பிரேக் எண்ணெயில் ஈரம் இருந்தால் அது கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை எளிதில் அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே மிதியை அழுத்தினாலும் விசை சக்கரத்தை முழுமையாகச் சென்றடையாது.

இதற்கு வழி எளியது. எந்தக் கியரில் ஏறுவோமோ அதே தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கலாம். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வரக்கூடாது. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக நினைத்து எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதி.

காலமும் மாற்று வழியும்

ஸ்டெல்வியோ சாலையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். நமக்குத் தொல்லை தருவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு நேரலாம். அப்போது பழனி வழியாக மற்றொரு மலைப்பாதை உண்டு. ஆனால் மதுரையிலிருந்து திண்டுக்கல், பழனி வழியாகச் செல்ல 180 கி.மீ.க்கு மேல் ஆகும். இரு பாதைகளும் பெருமாள்மலையில் ஒன்றுசேர்கின்றன. ஆகவே அடைப்பு பெருமாள்மலைக்குக் கீழே வத்தலக்குண்டுப் பாதையில் இருந்தால்தான் பழனி வழி உதவும். அதற்கு மேலே இருந்தால் உதவாது. புறப்படும் முன் இதை விசாரிக்க வேண்டும். வெளியூர் வண்டிகள் கொடைக்கானல் செல்ல இ-பாஸ் பெறும் முறை 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளையும் கேட்டறியுங்கள்.

இனி உங்கள் திட்டத்தை எழுதலாம். காலை 6 மணிக்குப் புறப்பட்டால், ஓய்வையும் சேர்த்து 10 மணிக்குக் கொடைக்கானல் சேரலாம். பிற்பகல் 3 மணிக்கு இறங்கத் தொடங்கினால் 5.24-க்கு வத்தலக்குண்டு. வெளிச்சம் இருக்கும்போதே மலை நமக்குப் பின்னால் போய்விடும்.

செய்து பாருங்கள்

1. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். மதுரையைவிடக் கொடைக்கானல் 2,000 மீட்டர் உயரம். மதுரையில் 36 டிகிரி என்றால் அங்கே எவ்வளவு?

2. மூடிய பிஸ்கட் பொட்டலம் ஒன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். மேலே சென்றதும் அது ஏன் உப்புகிறது?

3. மேற்கண்ட பயணத்தில் கொடைக்கானலிலிருந்து மாலை 5 மணிக்குப் புறப்பட்டால் எத்தனை மணிக்கு வத்தலக்குண்டு சேருவீர்கள்? இருட்டில் எவ்வளவு நேரம் மலையில் இருப்பீர்கள்? கணக்கிட்டு வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.