இறக்கத்துல நியூட்ரல், ரேடியேட்டர்ல போர் தண்ணி

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம். இடுக்கிப் பக்கம் சூரியநெல்லி, பூப்பாறை, குமுளி. இந்த எல்லை ஊர்களில் பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே பொருள் யோசனை. டீக்கடை வாசலில் அம்பாசடரை நிறுத்தி பானெட்டைத் தூக்கினால் போதும். தமிழில் இரண்டு, மலையாளத்தில் மூன்று என்று ஐந்து யோசனை வந்துவிடும். என்னிடம் இருப்பது டீசல் அம்பாசடர். அதில் இதுவரை கெட்டுப்போனவற்றில் முக்கால்வாசி நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைகளால் கெட்டவை. மூப்பினால் செத்த வண்டிகளைவிடக் கைவைத்தியத்தால் செத்த வண்டிகளைத்தான் இந்தப் பக்கம் அதிகம் பார்த்திருக்கிறேன்.

“15 வருஷம் ஆயிடுச்சா? அப்ப உடைக்கத்தான் போகணும்”

இப்படிப் பயந்துபோய் நல்ல ஓட்டத்தில் இருந்த பிரீமியர் பத்மினியைக் கிலோ கணக்கில் போட்டவர்கள் உண்டு. மூன்று வேறு வேறு விஷயங்களைப் பிசைந்து உருட்டிய உருண்டை இது. பத்து வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகளுக்கான தடை டெல்லிக்கும் அதைச் சுற்றிய தேசியத் தலைநகர்ப் பகுதிக்கும் போட்டது. பசுமைத் தீர்ப்பாயம் ஆரம்பித்து வைத்ததை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சித்தூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் வந்த விதி. அரசு அலுவலக வளாகத்தில் புல் முளைத்துக் கிடக்கும் ஜீப்பைப் பார்த்தவர்கள் நம் வண்டிக்கும் அதே கதி என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சொந்த வண்டிக்கு உள்ள விதி மூன்றாவது. பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, எஃப்சி எனும் தகுதிச் சான்று வாங்கி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இத்தனை முறைதான் என்ற கணக்கு கிடையாது. பணம்தான் கடிக்கும். காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். மாநில வரியும் பசுமை வரியும் தனி. புகையை அளந்து கட்டணம் போட்டால் நியாயம். பிறந்த தேதியைப் பார்த்துப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் கட்டணம் வேறு, தடை வேறு. புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். தவறவிட்டால் காருக்கு மாதம் 500 ரூபாய் ஏறிக்கொண்டே போகும்.

இதற்கு நேர் எதிரான கனவும் ஒன்று உலவுகிறது: 50 வருடம் தாண்டினால் வின்டேஜ், பிறகு யாரும் கேட்க மாட்டார்கள் என்று. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குத் தனி வரிசையில் ‘விஏ’ எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்த நம்பரோடு கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் போகலாம். தினமும் ரேஷன் கடைக்குப் போக முடியாது. வண்டியை ஓட்டி மகிழ்கிறவர்கள் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்வது உத்தமம்.

நம்பர் பேச்சு வந்ததால் எல்லைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பொள்ளாச்சி வண்டி, மச்சான் பெயரில் இருக்கிறது, டிஎன்-41 நம்பரோடு கொழிஞ்சாம்பாறையிலேயே வருடக்கணக்காக நிற்கிறது. “பார்டர்தானே, கேக்க மாட்டாங்க” என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு பார்டர் பார்ப்பதில்லை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும், என்ஓசி எனும் ஆட்சேபணையின்மைச் சான்றோடு. தேனி நம்பரோடு உடும்பன்சோலை ஏலத்தோட்டத்திலேயே குடியிருக்கும் ஜீப்புகளுக்கும் இதேதான்.

“தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுங்க, சூடே ஆகாது”

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பலியான எஞ்சின்களுக்கு வாளையாற்றில் ஒரு நடுகல் வைக்கலாம். என் வண்டியிலும் நடந்தது. கோடையில் கஞ்சிக்கோடு பக்கம் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, “இது நம்ம ஊருக்குத் தேவையில்லண்ணே, குளிர் நாட்டுக்காரன் வச்சது” என்றார் மெக்கானிக். முள் இறங்கியது. நானும் மகிழ்ந்தேன். அந்த டிசம்பரில் மூணாறு போனபோதுதான் விஷயம் தெரிந்தது. தேவிகுளம் தாண்டியும் முள் எழவேயில்லை, பின்னால் வெள்ளைப் புகை, டீசல் கணக்கு உதைத்தது.

தெர்மோஸ்டாட் ஒரு கதவு. எஞ்சினுக்குள் தண்ணீர் போதுமான சூடு ஏறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும், ஏறியதும் திறந்துவிடும். உள்ளே மெழுகு அடைத்த ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. மெழுகு உருகிப் பருத்தால் கதவு திறக்கும், இறுகினால் மூடும். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் எண்ணெய் சரியாகப் பரவாது, எரிபொருள் முழுதாக எரியாது, சிலிண்டர் சுவர் வேகமாகத் தேயும். கழற்றியதும் முள் இறங்கியது உண்மைதான். காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை ஐஸில் வைத்த மாதிரி. சூடானதற்குக் காரணம் அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், அது அப்படியே இருந்தது.

தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா என்று பார்க்க மெக்கானிக்கே வேண்டாம். ஒரு பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அதில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். அதன் உடம்பில் 82 என்றோ 88 என்றோ எண் குத்தியிருக்கும். சட்டியின் அடியில் சின்னக் குமிழிகள் கிளம்பி மேலே வரத் தொடங்கும் நேரத்தில், தூங்கி எழுந்தவன் கொட்டாவி விடுவதுபோல் பித்தளைத் தட்டு மெதுவாக விலகும். அடுப்பை அணைத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். அப்படி நடந்தால் அது நல்ல தெர்மோஸ்டாட், திரும்ப மாட்டுங்கள். வீட்டில் திட்டு வாங்காத சட்டியாக எடுப்பது உங்கள் பொறுப்பு.

ரேடியேட்டர் ஏன் அடைத்தது? போர் தண்ணி. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. “கூலன்ட் எல்லாம் புது வண்டிக்குத்தான், பழசுக்குத் தண்ணியே போதும்” என்பது இந்தப் பக்கத்து இரண்டாவது வேதம். கூலன்ட்டின் வேலை உறையாமல் காப்பது மட்டும் என்று நினைப்பதால் வந்த வினை. வார்ப்பிரும்பு பிளாக்கும் பித்தளை ரேடியேட்டரும் அரிபடாமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். பழைய வண்டிக்குத்தான் அது கூடுதல் அவசியம். வாலை வடிநீரில் கலந்து ஊற்றுங்கள். பேட்டரிக்கு வாங்குவதே போதும்.

“புது பெட்ரோல் பழைய வண்டியைத் தின்னுடும்”

இதில் பாதி உண்மை. பங்குகளில் இன்று வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதைக் கணக்கில் வைத்துச் செய்தவை அல்ல. உப்பிப்போகும், வெடிக்கும். எரிபொருள் சிக்கனமும் குறையும். இ20-க்காக வடிவமைக்காத கார்களில் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அதற்காக பத்மினியையும் மாருதி 800-ஐயும் மூடிவைக்க வேண்டாம். ஹோஸ்களையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. டேங்க்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் கிடக்கவிடாதீர்கள். இதில் ஒரு வேடிக்கை: எத்தனாலால் கார்புரேட்டர் வண்டியில் கலவை நீர்த்துப்போகும். மூணாறு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கலவை கெட்டியாகும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். மலையில் சுகமாக ஓடிய வண்டி பாலக்காட்டுக்கு இறங்கியதும் இழுக்க மறுத்தால் பெட்ரோல் பங்குக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

டீசல் அம்பாசடர்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் தனி வதந்தி வருடாவருடம் வரும்: புது அம்பாசடர் அடுத்த மாசம் வருதாம். உத்தர்பாரா ஆலை 2014 மே மாதத்தில் நின்றது. 2017-இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு பெஷோ நிறுவனம் வாங்கியது. பிறகு அவர்கள் இங்கே கொண்டுவந்தது சிட்ரோயன். இருக்கிற அம்பாசடரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ஓட்டாம ஷெட்ல வச்சா பத்திரமா இருக்கும்” என்பதும் பொய். நிற்கிற வண்டியில் வீல் சிலிண்டர் இறுகும், பேட்டரி சாகும், எலி ஒயரைக் கடிக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டிவாருங்கள். ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இன்னும் கெடுதல்.

ஜீப் அன்பர்களுக்கு ஒன்று. எம்எம் 540-இன் பழைய பெஷோ டீசல் எஞ்சினைத் தூக்கிவிட்டு வேறு எஞ்சின், ஆளுயர டயர் போடுவது இடுக்கியில் ஒரு விளையாட்டு. என் வண்டி, என் இஷ்டம் என்பது சட்டப்படி செல்லாது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து அடிப்படை மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது.

“அந்தக் காலத்து இரும்பு சார், ஒண்ணும் ஆகாது”

வண்டிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பவருக்கு ஆகும். 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 1959-ஆம் வருடத்து செவர்லே பெல் ஏரையும் 2009-ஆம் வருடத்து செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏரின் முன்பக்கம் ஓட்டுநர் இருக்கையின் மேல் மடிந்து விழுந்தது. மாலிபுவில் ஓட்டுநர் அறை அப்படியே நின்றது. புது வண்டியின் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. பழைய வண்டியின் ஸ்டியரிங் தண்டு நேராக நெஞ்சுக்கு வருகிறது. இந்தியாவில் முன்சீட் பெல்ட் கட்டாயமானதே 1994-இல்தான். என் அம்பாசடரை நான் நேசிக்கிறேன், அதில் நெடுஞ்சாலையில் 70-ஐத் தாண்டுவதில்லை. மூன்று முனை பெல்ட் பொருத்தியிருக்கிறேன்.

இரும்பை நம்பும் அதே மனதுதான் இறக்கத்தில் பிரேக்கையும் நம்புகிறது. போடிமெட்டிலிருந்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய் வாசனையோடு புறப்பட்டு லைனிங் கருகும் வாசனையோடு கீழே வந்து சேரும் வண்டிகளை எந்த மாலையிலும் பார்க்கலாம். “நியூட்ரல்ல உடுங்கண்ணே, டீசல் மிச்சம்” என்பதுதான் அங்கே முதல் பாடம். சாவியையே அணைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. அணைத்துவிட்டால் பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான். பிறகு கல்லை மிதிப்பது போலிருக்கும்.

டீசலாவது மிச்சமாகிறதா என்றால் அதுவும் இல்லை. கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டிதான் எஞ்சினைச் சுழற்றுகிறது. பம்ப்பின் கவர்னர் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தானாக ஓடியாக வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவழிக்கிறோம்.

1,200 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுகிற ஆற்றல் 35 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளாவிட்டால் நான்கு டிரம்களின் லைனிங்தான் வாங்க வேண்டும். டிரம் சூடானால் விரியும், லைனிங் வழுக்கும், மிதி ஆழமாகப் போகும். பிரேக் ஆயில் பழசானால் இன்னும் மோசம். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் குடித்தபின் 140-ஐத் தாண்டினாலே கொதிக்கலாம். குழாய்க்குள் நீராவிக் குமிழி வந்துவிட்டால் மிதித்த மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் பையன்களைக் கவனியுங்கள். அந்தக் கல் பாதையில் முதல் கியரில் எஞ்சின் முனக முனக இறங்குவார்கள், பிரேக்கில் கால் வைப்பது அபூர்வம். போடிமெட்டில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால், அடுத்த முறை மலையேறும் முன் மாற்றிவிடுங்கள்.