வகுத்தலும் மீதியும்

பெருக்கல் வாய்ப்பாட்டைப் பிழையறச் சொல்லும் பிள்ளை, வசனத்தில் அமைந்த சிறு கணக்கொன்றின் முன் திகைத்து நிற்பதை ஆரம்ப வகுப்பாசிரியர் யாவரும் கண்டிருப்பர். “ஐயா, இது பெருக்கிறதோ, பிரிக்கிறதோ?” என்பதே அதன் வினா.

இவ்வினாவை வளர்த்தவர் யாமே. ‘மொத்தம்’ என வந்தால் பெருக்கு, ‘ஆளுக்கு’ என வந்தால் வகு எனக் குறுக்குவழி காட்டிவிடுகின்றோம். ஆளுக்கு 4 மாங்காய் வீதம் 6 பேருக்கு எத்தனை? 24 மாங்காயை 6 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு எத்தனை? ‘ஆளுக்கு’ என்னுஞ் சொல் இரண்டிலும் உண்டு, செய்கையோ வேறு.

வகுத்தலினுள்ளும் இரு கருத்துக்கள் உள. 24 புளியங்கொட்டைகளை 6 பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகப் பகிர்தல் ஒன்று. அவற்றை அவ்வாறாக எடுத்துக் குவித்துக் குவியல்களை எண்ணுதல் மற்றொன்று. இரண்டிலும் விடை 4; முன்னையது கொட்டைகள், பின்னையது குவியல்கள். இவ்வேறுபாட்டைக் கை அறிந்தபின்னரே ‘÷’ என்னுங் குறியைக் காட்டுதல் நன்று. வாய்ப்பாடு வேண்டாமென்பது எம் கருத்தன்று. வரிசைக்கு 6 ஆக 4 வரிசை கொட்டைகளைப் பரப்பிப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் 6 வரிசையில் நந்நான்காகத் தோன்றும். மனனஞ் செய்யும் சுமையிற் பாதி அங்கே குறைந்துவிடும்.

பொருள்களைக் கொண்டு கணக்கு விடுப்பது நம்மவர்க்குப் புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம், பலாக்காயின் காம்பைச் சூழ்ந்த முட்களை எண்ணி, 6 ஆற் பெருக்கி, 5 ஆல் வகுத்துச் சுளைத்தொகை காணச் சொல்கின்றது. பலா அதற்கு உடன்படுமோ என்பது வேறு. பெருக்கலும் வகுத்தலும் ஒரு காயிற் சேர்ந்தமை சுவையானதே.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான்காம் வகுப்பில் ஒரு வினாக் கொடுத்தோம். 43 பிள்ளைகள் தீவுக்குச் செல்லவேண்டும். ஒரு வள்ளத்தில் 8 பேரே ஏறலாம். எத்தனை வள்ளங்கள் வேண்டும்? ‘5, மீதி 3’ என்றோர்க்கெல்லாம் சரியிட்டோம். ஒருவன் மாத்திரம் 6 என எழுதியிருந்தான். பிழையிட்டோம். அவன் கொப்பியை நீட்டி, “மிச்சம் மூண்டு பேரையும் கரையிலை விட்டிட்டுப் போறதோ, ஐயா?” என்றான். வகுப்பு நகைத்தது, எமக்கு நகைப்பு வரவில்லை. கேட்ட வினாவுக்கு விடை கூறியவன் அவன் ஒருவனே.

அன்று தொட்டு அந்த 43 ஐயும் 8 ஐயும் யாம் விட்டிலேம். 43 மாங்காயை எட்டெட்டாகக் கட்டினால் நிறைந்த பொதிகள் 5. 43 முழக் கயிற்றை 8 சம துண்டுகளாக்கினால் துண்டின் நீளம் 5 3/8 முழம். வள்ளங்களோ 6. செய்கை ஒன்றே, விடை மூன்று. ஆதலின் விடையை எண்ணாக மாத்திரமன்றி முழு வசனமாகவும் எழுதுவிக்கின்றோம். ‘5 மீதி 3 வள்ளங்கள் வேண்டும்’ என எழுதி, அதனை உரத்து வாசிக்கும் பிள்ளை, யாம் சொல்லாமலே அழிறப்பரைத் தேடுகின்றது.