புதுக் குரலுக்குத் தீர்ப்பு



பாட்டுப் போட்டி முடிந்து நடுவர்கள் எழுந்து சென்ற பின்பும் தீர்ப்பு முடிவதில்லை. குழாயடியிலும், பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையிலும் அது தொடர்ந்துகொண்டே இருக்கிறது. “அவளுக்குக் கணீரென்ற குரல்”, “இவள் குரல் எடுபடவில்லை”, “அவள் அந்தப் பின்னணிப் பாடகியைப் போலவே பாடினாள்” என்று மூன்றே வாக்கியங்களில் மூன்று பேருடைய எதிர்காலத்தை முடிவு செய்துவிடுகிறோம். அப்படிச் சொல்லும்போது நாம் உண்மையில் எதைக் கேட்டோம்? குரலையா? கேட்ட இடத்தையா? அல்லது பாடியவளின் பெயரையா?

இதை ஆராய நம் வகுப்புத் தோழியரை எடுத்துக்கொண்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற எண்ணம் குறுக்கே வரும். ஆகவே கடல் கடந்து செல்வோம். 1930-களில் அமெரிக்காவில் ஜாஸ் இசைக்குழுக்களோடு பாடி முன்னுக்கு வர விரும்பிய ஓர் இளைஞரைப் பற்றி, கேட்டவர்கள் என்னென்ன நினைத்தார்கள் என்று பார்ப்போம். அவர் பெயர் பிராங்க் சினாட்ரா. 1915-ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர்.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவரைப் போன்ற பாடகரைக் ‘குரூனர்’ என்பார்கள். தாழ்ந்த குரலில் காதருகே சொல்வதுபோல் பாடுபவர் என்று பொருள். பிள்ளையை உறங்க வைக்கும் தாயின் குரலை நினைத்துக்கொண்டால் போதும். மின்சார ஒலிவாங்கி வருவதற்கு முன், பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உரத்துப் பாடியவரே பாடகர். 1920-களில் வானொலி பரவியது. 1925 முதல் இசைத்தட்டுகளும் மின்சார முறையில் பதிவாயின. அப்போதுதான் மெல்லிய குரலுக்கும் காலம் பிறந்தது. ஆனால் புதியதைக் கேட்டவுடன் எல்லாரும் ஏற்றுக்கொள்வதில்லை அல்லவா? 1932-இல் பாஸ்டன் நகரின் கர்தினால் ஓகானல் இந்தப் பாணியை இழிவான கலை என்று வெளிப்படையாகவே கண்டித்தார். அந்தப் பாணியில் முதன்மை பெற்று விளங்கிய பிங் கிராஸ்பியோ இயேசு சபையாரிடம் கல்வி கற்றவர். 1944-இல் வெளிவந்த ‘கோயிங் மை வே’ படத்தில் குருவானவராக நடித்து அவர் ஆஸ்கார் பரிசும் பெற்றார். கருத்துகள் மாறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளே போதுமானதாயின.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். பெரிய மண்டபம், ஒலிபெருக்கி பழுது. ஒரு சிறுமி பாடியது மூன்றாம் வரிசைக்கு மேல் எட்டவில்லை. மதிப்பெண் தாளில் “குரல் போதாது” என்று எழுதினேன். மாலையில் புறப்படும்போது தாழ்வாரத்தில் அதே சிறுமி, தரையில் அமர்ந்திருந்த நாலைந்து சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுருதி அசையவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. போதாமல் போனது குரல் அன்று, மண்டபத்தின் வசதி. தாளைத் திருத்த நேரம் கடந்துவிட்டது. அவள் பிறகு மேடை ஏறினாளா என்பது எனக்குத் தெரியாது.

சினாட்ராவிடம் வருவோம். அவருக்கு இசைக்குறிப்புகளைப் படிக்கத் தெரியாது. ஒல்லியான உருவம். பிறந்த வேளையில் கருவி பட்ட தழும்புகள் முகத்தின் ஒரு பக்கத்தில் இருந்தன. ஊரில் மூன்று இளைஞர்கள் நடத்திய குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் அவரிடம் ஒரு கார் இருந்ததுதான் என்றும் சொல்வதுண்டு! அந்த நால்வரும் 1935-இல் மேஜர் போவ்ஸ் நடத்திய புகழ்பெற்ற வானொலிப் போட்டியில் பாடி, கேட்டவர்களின் வாக்குகளால் வென்றார்கள். வெற்றிக்குப் பின் ஊர் ஊராகச் சுற்றும் கலைக்குழுவில் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் சினாட்ரா பாதியில் விலகி வீடு திரும்பிவிட்டார். பிறகு சாலையோர உணவு விடுதி ஒன்றில் பாடுவது, நிகழ்ச்சிகளை அறிவிப்பது, வேண்டும்போது பரிமாறுவது என்று எல்லா வேலையும் பார்த்தார்.

அந்த விடுதியிலிருந்து வானொலியில் இசை ஒலிபரப்பானது. 1939-இல் ஓர் இரவு, எக்காளக் கலைஞர் ஹாரி ஜேம்ஸ் அதைக் கேட்டார். புதிதாகச் சொந்த இசைக்குழு தொடங்கியிருந்த அவருக்கு ஒரு பாடகர் தேவைப்பட்டது. மறுநாள் விடுதிக்குச் சென்று, “உங்கள் பாடகர் யார்?” என்று விசாரித்தார். பாடகர் என்று எவரும் இல்லை, கொஞ்சம் பாடக்கூடிய அறிவிப்பாளர் ஒருவர்தான் இருக்கிறார் என்று பதில் வந்ததாம். இதைப் பின்னாளில் ஜேம்ஸே சொல்லியிருக்கிறார். இந்தப் பதிலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நாள்தோறும் அருகில் இருந்து கேட்டவருக்கு அவர் ‘கொஞ்சம் பாடுபவர்’. முகம் தெரியாமல், பெயர் தெரியாமல், வானொலியில் குரலை மட்டும் கேட்டவருக்கு அவர்தான் தேடிய பாடகர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஜேம்ஸின் குழுவோடு ‘ஆல் ஆர் நத்திங் அட் ஆல்’ என்ற பாட்டை சினாட்ரா பதிவு செய்தார். அன்று இசைக்குழுத் தலைவருடைய பெயருக்குத்தான் மதிப்பு. பாடகர் தம் முறை வரும்வரை மேடையில் நாற்காலியில் காத்திருக்க வேண்டியவர். தட்டு விற்றது ஏறக்குறைய 8,000 மட்டுமே என்பர். நல்ல மனம் படைத்த ஜேம்ஸ், பெரிய குழு வைத்திருந்த டாமி டார்சியிடமிருந்து அழைப்பு வந்தபோது, ஒப்பந்தம் முடியாதிருந்தும் அவரைப் போக விட்டார்.

டார்சி வாசித்தது டிராம்போன் என்னும் ஊதுகருவி. மூச்சு வாங்குவதே தெரியாமல் நீண்ட அடிகளை அவர் ஊதுவார். சினாட்ரா பின்னால் அமர்ந்து அவருடைய முதுகையும் தோளையும் கூர்ந்து கவனித்தார். வாயின் ஓரத்தில் சிறு இடைவெளி விட்டுக் காற்றை இழுக்கும் உத்தி புரிந்தது. உடனே தம் நுரையீரலை வலுப்படுத்தப் புறப்பட்டார். ஓடினார், நீச்சல் குளத்தில் நீருக்கடியில் மூச்சடக்கி நீந்தினார். நம் நாகசுர வித்துவான்களின் மூச்சடக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். பிறர் வரியின் நடுவில் மூச்சுக்காக நிறுத்துவார்கள். இவரோ பொருள் முடியும் இடத்தில் மட்டும் நிறுத்தினார். அதனால் பாட்டு ஒருவர் நம்மிடம் பேசுவதுபோல் ஆயிற்று. தாளத்தில் சற்றுப் பின்தங்கி, பிறகு எட்டிப் பிடிக்கும் ஜாஸ் வழக்கமும் அவருக்கு இயல்பாக வந்தது. ஒரு தொடக்கப் பாடகரிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான். குரலின் நிறம் பெரும்பாலும் பிறவியில் வருவது. மூச்சும் சொல்லும் உழைப்பில் வருபவை. அவரும் கிராஸ்பியின் மீது கொண்ட பற்றினால்தான் பாட வந்தார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. ‘இன்னாரைப் போலவே பாடுகிறாள்’ என்பது பதினைந்து வயதில் பாராட்டு. இருபத்தைந்தில் அது குறை என்பேன்.

1942 டிசம்பர் 30-ஆம் நாள் நியூயார்க் பாரமவுண்ட் அரங்கில் தனியே தோன்றியபோது, உங்கள் வயதுப் பெண்கள் எழுப்பிய கூச்சலில் அரங்கமே அதிர்ந்தது. 1944 அக்டோபரில் அதே அரங்கின் வெளியே ஏறத்தாழ 30,000 பேர் தெருவை அடைத்து நின்றனர். விளம்பரப் பொறுப்பாளர் சில பெண்களுக்குப் பணம் கொடுத்துக் கூச்சலிடச் செய்ததும் உண்மை. எல்லாரும் கூலிக்குக் கத்தியவர்கள் அல்லர்; ஆனால் அந்த இரைச்சலில் எத்தனை பேர் பாட்டைக் கேட்டிருப்பார்கள்? அதுதான் என் சந்தேகம்.

இனி இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. 1942 ஆகஸ்டிலிருந்து இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் செய்தது. புதிய தட்டுகள் போட முடியாத கொலம்பியா நிறுவனம் பழையவற்றைத் துழாவி, 1943-இல் ‘ஆல் ஆர் நத்திங் அட் ஆல்’ தட்டை மீண்டும் வெளியிட்டது. இம்முறை சினாட்ராவின் பெயர் முன்னே வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது! குரல் அதே குரல், வாத்தியம் அதே வாத்தியம். 1939-இல் பதிவான அதே மூன்று நிமிடங்கள். ஒரு சுரம்கூட மாறவில்லை.

அத்துடன் நின்றதா? 1950-இல் மேடையிலேயே அவருக்குக் குரல் போயிற்று. 1952-இல் அவருடைய தட்டு நிறுவனமே அவரைக் கைவிட்டது. இனி அவர் எழமாட்டார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1953-இல் வேறு நிறுவனத்தில், முன்னைவிடக் கனத்த குரலோடு மீண்டும் பாடத் தொடங்கினார். அவருடைய சிறந்த தொகுப்புகளென இன்று மதிக்கப்படுபவற்றுள் பல அதன் பின்னர் வந்தவையே. 1998 மே மாதத்தில், 82-ஆம் வயதில் அவர் காலமானார்.

விடுமுறையில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். அந்த ஒரே பாட்டை அவர் 1939-இலும், 1961-இலும், 1966-இலும் மூன்று விதமாகப் பதிவு செய்திருக்கிறார். மூன்றும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. இவரை அறியாத தங்கைக்கோ பாட்டிக்கோ, பெயரையும் ஆண்டையும் சொல்லாமல், வரிசை மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். எதில் மூச்சு எங்கே நிற்கிறது, எதில் குரல் இளையது, எதை மறுபடி கேட்கத் தோன்றுகிறது என்று அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடிக்கும்வரை ஆண்டைச் சொல்லிவிடாதீர்கள்.